பினாங்குக் கப்பலில் என்ன உடுத்துவது

வடசேரியில் எனக்கு ஒரு ஜவுளிக்கடை இருக்கிறது. பினாங்குக்குப் போய் வந்த நாளிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் துணியின் விலையைக் கேட்பதற்கு முன்னால், கப்பலில் என்ன உடுத்துவார்கள் என்று கேட்கிறார்கள். ஜவுளிக்காரன் கப்பலேறினால் கடலையா பார்த்திருப்பான், ஆட்கள் கட்டியிருக்கிற துணியைத்தானே பார்த்திருப்பான் என்று அவர்களுக்கு எண்ணம். எண்ணம் சரிதான். கடல் போகிற வழியெல்லாம் ஒரே மாதிரி இருந்தது. துணிதான் வேளைக்கு வேளை மாறியது. அதையே எழுதுகிறேன்.

நான் போனது வியாபாரத்துக்கு இல்லை. தங்கை பகவதியை அவள் புருஷனிடம் கொண்டு விடப் போனேன். எங்கள் பக்கத்தில் அது அண்ணன் பார்க்க வேண்டிய வேலை. சாதாரணமாகப் பூதப்பாண்டிக்கோ சுசீந்திரத்துக்கோ வில்வண்டியில் போய், மத்தியானம் இலைபோட்டுச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். எனக்கு அது கடல் தாண்டுகிற வேலையாக வாய்த்தது.

மாப்பிள்ளை நீலகண்டன் யுத்தத்துக்கு முன்பே மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதப் போனவர். ஜப்பான்காரன் உள்ளே வந்ததும் தபால் நின்றது. யுத்தம் முடிந்து முதலில் திரும்பி வந்தவர்களில் ஒரு இரணியல்காரர், சயாம் ரயில் பாதை வேலைக்கு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அங்கே காலராவில் போய்விட்டார், நான் கண்ணால் பார்த்தேன் என்று எங்கள் வீட்டில் வந்து அழுதார். கண்ணால் பார்த்தேன் என்று ஒருவர் அழுத பிறகு நாங்கள் என்ன செய்ய முடியும்? பதினாறாம் நாள் காரியம் நடத்தினோம். எங்கள் ஊரில் அதை அடியந்திரம் என்பார்கள். பகவதியின் கழுத்திலிருந்து தாலி இறங்கியது. பிறந்த வீட்டுக் கோடியாக வெள்ளைப் புடவை என் கடையிலிருந்துதான் போனது. இரண்டு வருஷம் அவள் வெள்ளையிலேயே இருந்தாள்.

பிறகு வேறொருவர் வந்தார். மாப்பிள்ளை சாகவில்லை, ஒரு ஆஸ்பத்திரியில் தான் யாரென்ற நினைவே தப்பி ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்து எழுந்து, இப்போது பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார் என்றார். அடுத்தாற்போல் மாப்பிள்ளையின் கையெழுத்திலேயே தபால் வந்தது. பகவதியை அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். உயிரோடு இருக்கிறவருக்குக் காரியம் செய்து முடித்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

சந்தோஷம் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. காரியம் கழிந்த ஆளோடு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று தெருவில் கேட்டார்கள். பகவதி மறுபடி நிறப் புடவை கட்டிப் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். குங்குமச்சிமிழ் வரிசையாக வந்து அவளை மட்டும் தாண்டிப் போனது. அன்றைக்கே அம்மா என்னைத் தனியே அழைத்து, மாப்பிள்ளையின் காதில் இந்தச் சேதி விழவே கூடாது என்று சொல்லிவிட்டாள். விழுந்தால், தாலியறுத்தவளோடு இருக்கப் பயந்து மகளை அடுத்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் என்பது அவள் பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கல்யாணத்தன்று பகவதி கட்டிய சிவப்புப் பட்டுப் புடவையை அம்மா பெட்டியில் மேலாக வைத்து, அதன் மடிப்புக்குள் தாலியையும் வைத்து அனுப்பினாள். பினாங்கில் இறங்குகிற காலையில் இரண்டும் பகவதியின் உடம்பில் இருக்க வேண்டும். மீதியை நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலில் கீழ்த்தட்டில் போகிறவர்களைப் பினாங்கு பக்கம் ஒரு தனித்தீவில் இறக்கி, நோய்நொடி இல்லையென்று பார்த்துத்தான் விடுவார்கள். அதற்காகவே இரண்டாம் வகுப்பில் போனோம். அதனால்தான் எனக்கு இந்த உடுப்புத் தொல்லையெல்லாம் வந்தது.

முதல் நாள் சாயங்காலம் இரட்டை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் நேரியல் துண்டு சகிதம் சாப்பாட்டு அறைக்குப் போனேன். வடசேரியில் அந்த உடுப்போடு போனால் பந்தியில் தலைவாழைதான். இங்கே வாசலில் நின்ற கோவாக்காரப் பரிமாறுகிறவர் மிகுந்த மரியாதையோடு என்னைத் தடுத்தார். காலையிலும் மத்தியானமும் எப்படி வேண்டுமானாலும் வரலாமாம். சாயங்காலச் சாப்பாட்டுக்குக் கோட்டு வேண்டுமாம். வேட்டியைப் பற்றி அவருக்கு ஆட்சேபம் இல்லை. வேட்டிக்கு மேலே ஒரு மூடிய கழுத்துக் கோட்டு இருந்தால் போதும் என்றார். எங்கள் ஊரில் சாமி கும்பிடப் போனால் போட்ட சட்டையைக் கழற்ற வேண்டும். இங்கே சோறு தின்னப் போனால் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட வேண்டும்.

என் கோட்டு அடிக்கட்டுப் பெட்டியில் கப்பலின் வயிற்றுக்குள் போய்விட்டது. வாசலிலேயே முழித்துக்கொண்டு நின்றபோதுதான் எஸ்தர் டீச்சர் வந்தார்கள். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. ஈப்போவில் இருக்கிற தம்பியைப் பார்க்கப் போகிறவர்கள். நான் பரிமாறுகிறவரிடம் பேசிய தமிழைக் கேட்டே ஊர் எதுவென்று கண்டுபிடித்துவிட்டார்கள். தம்பிக்காகத் தைத்துக்கொண்டு போகிற புதுக் கோட்டு ஒன்று கைப்பெட்டியில் இருப்பதாகச் சொல்லி எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல சார்க்ஸ்கின் துணி, தையலும் ஒழுங்கு. தம்பி மெலிந்தவர் போலிருக்கிறது, எனக்கு வயிற்றுப் பொத்தான் மாட்டவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். உப்பில்லாமல் அவித்த உருளைக்கிழங்கும், அவித்த முட்டைக்கோஸும், ஒரு துண்டு ரொட்டியும் வந்தன. அதற்கு மூச்சை அடக்கியது போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடுவேன். அங்கே பண்டாரி என்று சொல்லப்படுகிற சமையல்காரர் பெரிய அண்டாவில் சோறும் பருப்புக் குழம்பும் வைத்துக்கொண்டிருப்பார். தஞ்சாவூர்க்காரரும் ராமநாதபுரத்துக்காரரும் இடுப்பில் ஒரு துண்டோடு பாயில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர்களுக்குப் பகலுக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று என்ற பேதம் கிடையாது. ஒரு பெரியவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, வேர்வையில் ஏன் கிடந்து வேகிறீர்கள், கழற்றிவிட்டு உட்காருங்கள் என்றார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் சோறு வாங்கினேன்.

மேல்தட்டில் வெள்ளைக்காரர்கள் பகலில் உடுத்துவது எளிது. ஆண்கள் வெள்ளை டிரில்லில் அரைக்கால் சட்டையும், முழங்கால் வரை காலுறையும் போட்டிருப்பார்கள். பெண்கள் பூப்போட்ட சீட்டித் துணியில் கவுன் போட்டு, தலைக்கு ஓலைத்தொப்பி வைத்திருப்பார்கள். வெயில் சாய்ந்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். ஆண்கள் கறுப்புக்குள் புகுந்துகொள்வார்கள். எங்கள் வீடுகளில் நல்ல காரியத்துக்குக் கறுப்பைத் தொடமாட்டோம். இவர்கள் கறுப்புப் போட்டால்தான் விசேஷம் என்று வைத்திருக்கிறார்கள். பெண்களின் கவுன் கீழே தரையைக் கூட்டும் அளவுக்கு நீண்டுவிடும். அப்படி நீண்டதற்கு ஈடாக மேலே தோள் முழுக்கத் திறந்து கிடக்கும். துணிக்காரன் கணக்கில் பார்த்தால் கெஜம் அப்படியே இருக்கிறது, இடம் மாறியிருக்கிறது.

எஸ்தர் டீச்சர் இதை என்னைப் போல நிதானமாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் முறை பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். "எங்க ஆளுவ தோள மூடித் துணி போடணும்னு அந்தக் காலத்துல அடி வாங்கினாவ. இவிய காசு குடுத்துத் தொறந்து போட்டுட்டுச் சோறு திங்க வாறாவ" என்றார்கள். எனக்கு அந்தப் பழைய தோள்சீலைச் சண்டை தெரியும். எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் யார்? டீச்சரின் ஜாக்கெட்டு முழங்கை தாண்டிய கையும், கழுத்து வரை பின்னல் லேஸுமாக இருந்தது ஏன் என்பதும் அப்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது.

என் தொல்லை அதுவல்ல. கப்பலேறும்போது பகவதி நீலச் சேலை கட்டியிருந்தாள். மறுநாள் காலையில் அறையிலிருந்து வெளியே வந்தபோது வெள்ளை மல் புடவையில் இருந்தாள். நெற்றியில் பொட்டும் இல்லை. பெட்டியின் அடியில் அவளே எடுத்து வைத்திருக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மக்கா இது?" என்றேன்.

"இங்க என்னை ஆருக்குண்ணே தெரியும்? ஊருல வெள்ளை உடுத்தப்பவும் பாத்தாவ, கலர் உடுத்தப்பவும் பாத்தாவ. இங்கயாவது எனக்கு இஷ்டப்பட்டத உடுத்துகேன்" என்றாள்.

நான் விட்டுவிட்டேன். கப்பலுக்குள் தானே, இறங்குகிற அன்றைக்கு மாற்றினால் போதும் என்று நினைத்தேன். உண்மையில் அவள் சொன்னது சரியாகவும் இருந்தது. அவளை யாரும் பார்க்கவில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் பகலில் வெள்ளை உடுத்தியிருந்தார்கள், தாதிகள் வெள்ளை, கப்பல்காரர்கள் வெள்ளை. இரண்டு வருஷமாக வீட்டின் பின்கட்டை விட்டு வராத என் தங்கை, கம்பியைப் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றாள். பறக்கிற மீன் ஒன்று துள்ளியதைப் பார்த்து எனக்குக் கைகாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைக் காணவில்லை. மேல்தட்டு, கீழ்த்தட்டு எல்லாம் தேடிவிட்டுச் சாப்பாட்டு அறையை எட்டிப் பார்த்தால், மேஜைகளை ஒதுக்கிவிட்டு அங்கே ஆராதனை நடக்கிறது. எஸ்தர் டீச்சர் பக்கத்தில் பகவதி உட்கார்ந்திருக்கிறாள். எல்லோரும் எழுந்தால் எழுகிறாள், உட்கார்ந்தால் உட்காருகிறாள். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. எங்கள் பக்கத்துக்காரர் யார் பார்த்தாலும் வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பெண் என்றுதான் நினைப்பார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்து, நேரமாகிவிட்டது வா என்று கையைப் பிடித்து அழைத்துப் போயிருக்கிறார்கள். புதிதாகக் கல்யாணம் ஆனவளா என்றும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கல்யாணப் புடவையே வெள்ளைதான்.

ஆராதனை முடிந்ததும் நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அதற்குள் பகவதியே டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டீச்சர் அதிர்ந்து போகவும் இல்லை, புத்தி சொல்லவும் இல்லை. மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். தெரியாது, தெரியவும் கூடாது என்றேன். அவர்கள் பகவதியைப் பார்த்தார்கள். பகவதி கடலைப் பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் நான் சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு யோசித்தேன். என் கடையில் ஒரே பீஸ் மல் துணியிலிருந்து டீச்சர் வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கு வாங்குகிறார்கள். எங்கள் ஆட்கள் கோடிக்கு வாங்குகிறார்கள். விளவங்கோட்டுப் பக்கத்தார் கரைபோட்ட வெள்ளை நேரியலை எல்லா விசேஷத்துக்கும் உடுத்துகிறார்கள். நான் யாரிடமும் எதற்கு என்று கேட்டதில்லை. அளந்து கிழித்துக் கொடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். தங்கைக்குக் கொடுத்த அன்றைக்கு மட்டும்தான் அளந்ததையே மறுபடி மறுபடி அளந்துகொண்டு நின்றேன்.

கரை சேர்வதற்கு முந்தின சாயங்காலம் கப்பலில் விருந்து. கொடிகள் கட்டி, வாத்தியம் வாசித்தார்கள். எல்லோரும் பெட்டியின் அடியில் இருந்ததையெல்லாம் எடுத்து மேலே போட்டுக்கொண்டு வந்தார்கள். சரிகை என்ன, சாட்டின் என்ன, முத்து என்ன. ஒரு தோட்டத்துரையின் மனைவி ஊதா நிறத்தில் மெத்தை உறை மாதிரி ஒன்றை உடுத்தி, அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் டீச்சர் தம்பியின் கோட்டில் திணறிக்கொண்டிருந்தேன். டீச்சர் வெள்ளைப் பட்டில் வந்தார்கள். பகவதி அதே மல் புடவையைத் துவைத்து உடுத்தி வந்தாள்.

ஊதாக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. டீச்சர் என் காதில் மொழிபெயர்த்தார்கள். "அந்த இந்தியப் பெண்ணைப் பார், ஒரு நகைகூட இல்லை, இந்த அறையில் நன்றாக உடுத்தியிருப்பவள் அவள்தான், நாமெல்லாம் கடையைத் தூக்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறோம்" என்கிறாளாம். எங்கள் தெருவில் கதவுக்குப் பின்னால் நின்ற புடவை அது. ஆனால் எனக்கு அப்போது பெருமையாக இருந்ததை மறைக்கவில்லை.

விருந்து முடிந்து வெளியே வந்ததும் நான் பேச்சை எடுத்தேன். காலையில் சிவப்புப் பட்டைக் கட்டிக்கொள், தாலியைப் போட்டுக்கொள், அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அவள் மறுத்தாள். நான் சத்தம் போட்டேன். அவர் திருப்பி அனுப்பிவிட்டால் இந்தக் கப்பலில் எந்த முகத்தோடு ஏறுவாய் என்று கேட்டேன்.

"அனுப்பினா அனுப்பட்டு" என்றாள். "தாலிய நானே எடுத்து எனக்குப் போட்டுக்கிடவா? கட்டினவிய கட்டட்டு. இந்த வெள்ளைய ரெண்டு வருசம் உடுத்திருக்கேன். அவிய ஒரு நாளாவது பாக்கட்டு."

நான் குங்குமப் பொட்டலத்தையாவது எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

பினாங்கில் கப்பலைக் கரையோடு சேர்க்கவில்லை. தள்ளி நங்கூரம் போட்டு, லாஞ்சில் இறக்கினார்கள். பாதி வழியில் லாஞ்சின் எஞ்சின் இருமி நின்றுவிட்டது. சீன ஓட்டுநர் அதன் மூடியைத் திறந்து, அதோடு பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் அலையில் ஆடிக்கொண்டு கரையைப் பார்த்தோம். கரையில் நிற்கிறவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று தேடினேன். முன்பு வாட்டசாட்டமான ஆள். ஒரு தூணுக்குப் பக்கத்தில் மெலிந்த ஒருவர் கோட்டு போட்டு நின்றார். அந்தக் கோட்டு அவருடைய பழைய உடம்புக்குத் தைத்தது. தோளிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அதை வைத்துத்தான் அவர் என்று தெரிந்துகொண்டேன்.

சட்டைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தேன். பொட்டாவது வைத்துக்கொள் என்று கெஞ்சினேன். பகவதி தலையாட்டி மறுத்தாள். டீச்சர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எஞ்சின் கிளம்பிவிட்டது. கிளம்பாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

படியில் முதலில் நான் ஏறினேன். மாப்பிள்ளை "அத்தான்" என்று என் கையைப் பிடித்தார். தலை பாதி நரைத்திருந்தது. ஒரு கையில் இலைப்பொதி, அதற்குள் பூ. நான் வழியெல்லாம் தயாரித்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கப் போனேன். அவர் கண் என்னைத் தாண்டிப் போயிற்று. பகவதி படியேறி வந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளுடைய நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், புடவையைக் கரை வரைக்கும் பார்த்தார். நம் ஊர்க்காரர், யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எனக்கா?" என்று கேட்டார்.

"ஆமா."

"அடியந்திரமும் கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு. ரெண்டு வருசமாச்சு" என்றாள் பகவதி.

நான் இடையில் புகுந்து, இரணியல்காரர் வந்ததையும் அழுததையும் சொல்லத் தொடங்கினேன். மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்தினார். அவர் உதடு கோணியது. இதோ, திரும்பிப் போ என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். கப்பல் இன்னும் போகவில்லை, கண்ணெதிரேதான் நின்றது.

"சாப்பாடு என்ன போட்டிய?" என்று கேட்டார்.

நாஞ்சில்நாட்டுக்காரர் எந்த வீட்டு விசேஷத்தைப் பற்றியும் முதலில் கேட்பது அதைத்தான். தன் காரியத்தைப் பற்றியே ஒருவர் அப்படி விசாரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த வருஷம் திருவிதாங்கூர் முழுக்க அரிசிப் பஞ்சம். ரேஷனில் கிடைத்தது வீட்டுக்கே போதவில்லை. பதினாறாம் நாள் வந்தவர்களுக்குப் பந்தியில் மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்து, மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தோம். ஊரில் அதைப் பற்றி இன்னும் பேசுகிறவர்கள் உண்டு.

பகவதிதான் பதில் சொன்னாள். "அரிசி கெடைக்கல்ல. மரச்சீனிக் கெழங்காக்கும் அவிச்சுப் போட்டோம்."

"ஆஸ்பத்திரியில எனக்கும் அந்த வருசம் பூரா மரச்சீனிதான் மக்கா. அப்ப எனக்க அடியந்திரத்துக்கு நானும் இருந்து தின்னிருக்கேன்" என்றார் மாப்பிள்ளை.

பகவதி சிரித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சுமைதூக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள், கண்ணில் நீர் கொட்டியது. அவர் இலைப்பொதியைப் பிரித்து நீட்டினார். உடுப்பை மாற்றிக்கொண்டு வா என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் அந்த வெள்ளையோடேயே பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.